ஏற்பு ஊசி இன்னும் எதற்கு?

"ஏற்புவலியில பிள்ளை செத்ததை இப்ப ஆர் கண்டது? பேறெல்லாம் ஆஸ்பத்திரியிலதானே, பிறகேன் கர்ப்பிணிக்கு ஊசி?" கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கக் கிளினிக் வாங்குகளில் இப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நோயைக் காணவில்லை என்பது உண்மை. இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு ஏற்பு ஊசி 1969இல் தொடங்கியது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் தாய், சிசு ஏற்பு ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. அதற்கு அவர்கள் வைத்த அளவுகோல், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் உயிர்ப்பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதே. ஆனால் கிருமி எங்கும் போகவில்லை. மண்ணிலும் மாட்டெருவிலும் ஆண்டுக்கணக்காகச் சாகாமல் கிடக்கும். வயலும் பட்டியுமான வன்னியில் அதைத் துடைத்தெறிய வழியே இல்லை. ஆளுக்கு ஆள் தொற்றும் நோயுமல்ல இது. ஆகவே ஊரெல்லாம் ஊசி போட்டாலும், போடாத தாயின் பிள்ளைக்கு அதில் பங்கு கிடையாது.

ஆஸ்பத்திரியில் தொப்புள்கொடியைச் சுத்தமாக வெட்டுவது பெரிய காவல்தான். ஆனால் தாய் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறாள். கொடி காய்ந்து விழ ஒரு கிழமை, சிலவேளை இரண்டு கிழமை. சாம்பலோ எண்ணெயோ பூசும் கை வீட்டில்தான் இருக்கிறது. (அம்மம்மாமாரைக் குறை சொல்லவில்லை, ஒன்றும் பூசாமல் உலர விட்டாலே போதும்.) கிருமி நுழைந்தால், முதலிரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை வாய் இறுகிக் குடிக்க மாட்டாமல் போகும், உடல் விறைக்கும்.

பிள்ளைக்கே போடலாமே என்பார்கள். ஐங்கூட்டு ஊசியின் முதல் டோஸ் இரண்டாம் மாதத்தில். இந்த ஏற்போ முதல் மாதத்துக்குள் வருவது. அதுவரை காப்பது தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வரும் எதிர்ப்புச் சக்திதான்.

"இது கருத்தடை ஊசி." கென்யாவில் 2014இல் கத்தோலிக்க ஆயர்களே கிளப்பிய ஐயம் இது. இங்கே அதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனமில்லை. 2013 ஓகஸ்டில் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாட்டுப் பெண்கள், தங்களை வற்புறுத்திக் கருத்தடைச் சாதனம் பொருத்தியதாக முறையிட்டார்கள். அந்த மண்ணில் சந்தேகம் மூடத்தனமல்ல. ஆனால் அந்தச் சாதனம் கைத்தோலுக்கடியில் வைப்பது. ஏற்பு ஊசியில் இருப்பதோ, கிருமியின் நச்சுத்தன்மை நீக்கிய நஞ்சு. இரண்டாம், மூன்றாம் கர்ப்பத்துக்கும் ஊசி குறித்து வைத்திருக்கிறார்கள். கருவையே தடுக்கிற ஊசிக்கு அப்படியொரு அட்டவணை எதற்கு?

என்ன ஊசி, ஏன் என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள். போத்தலைக் காட்டச் சொல்லுங்கள். அட்டையில் பதிவித்துப் போட்டுக்கொள்ளுங்கள். இடப்பெயர்வில் பழைய அட்டை தொலைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். முதலிலிருந்து கணக்கெடுத்துப் போடுவார்கள்.