12-ம் நம்பர் ரூமுக்குப் போன பரோட்டா

போன சீசனுக்கு நானும் என் நண்பனும் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். ரூம் நம்பர் 112. மெயின் அருவியில் ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு வந்தால் எப்பேர்ப்பட்டவனுக்கும் பசிக்கும். போனில் பரோட்டாவும் கோழியும் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். காத்திருந்தோம். காத்துக்கொண்டே இருந்தோம்.

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால், 12-ம் நம்பர் ரூமில் ஒரு குடும்பம் எங்கள் கோழியின் கடைசி எலும்போடு போராடிக்கொண்டிருந்தது. அதைவிடக் கொடுமை, அவர்கள் கேட்டிருந்த இட்லியைக் கடைப் பையன், ‘மாத்திக் கொண்டாந்துட்டேன்’ என்று திருப்பி எடுத்துப் போய்விட்டானாம். அவன் வைத்திருந்த சீட்டில் ரூம் நம்பருக்கு இரண்டே கட்டம். 112-ல் முதல் 1 விழுந்துவிட்டது!

பையனை வைய வாயைத் திறந்தேன். நண்பன் தடுத்தான்.

“ஏல, அவன ஏன் வையுத? உன் தென்காசி ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் இதான்ல நடந்திருக்கும்!”

எனக்குப் பசி மறந்துபோனது.

அது பழைய காயம். பி.காம். முடித்த கையோடு தென்காசியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதினேன். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதென்று 2 ஜி.பி. மெமரியை 8 ஜி.பி. ஆக்கினார்கள். அன்றிலிருந்து சனி பிடித்தது. முந்தின நாள் சரியாக இருந்த லெட்ஜர் மறுநாள் திறக்காது. திறந்தால், அரிசிக் கடை பாக்கியில் யாருடைய எண்ணோ உட்கார்ந்திருக்கும். மார்ச் கடைசி வேறு. ‘உன் கை சரியில்லை’ என்றார்கள். ஏப்ரலில் நான் வீட்டில் இருந்தேன்.

நண்பன் சென்னையில் டிஸ்க் கன்ட்ரோலருக்கு டிரைவர் எழுதுகிறவன். (ஸ்டியரிங் பிடிக்கிற டிரைவர் இல்லை, இது புரோகிராம்.) அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

டிஸ்க்கிலிருந்து வரும் தகவலைக் கன்ட்ரோலர் நேராக மெமரியில் கொண்டுபோய் வைத்துவிடும். பிராசஸரைத் தொந்தரவு செய்யாது. இதற்குப் பெயர் டி.எம்.ஏ. எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று விலாசம் கொடுப்பது டிரைவரின் வேலை. சிக்கலே கன்ட்ரோலரின் சீட்டில் எத்தனை கட்டம் என்பதில்தான். 1984-ல் வந்த ஐ.பி.எம். பிசி ஏ.டி.யில் 24 கட்டம். அதாவது 16 எம்.பி. வரை. பிறகு 32 கட்டம் வந்தது. 4 ஜி.பி. வரை. அதற்கு மேலே உள்ள விலாசத்தைக் கொடுத்தால் முன்னால் உள்ள இலக்கம் விழுந்துவிடும். சரக்கு 12-ம் ரூமுக்குப் போய், அங்கே இருந்த இட்லியையும் காலி செய்துவிடும். மணி அடிக்காது, எச்சரிக்கை வராது.

“மெமரியக் கூட்டின அன்னைக்குத்தான ஆரம்பிச்சுது? அப்ப இதுவாத்தான் இருக்கணும்” என்றான்.

“சரி, இதுக்கு வழி?”

“மொதல்ல கேட்டுரணும்ல.”

அதற்கு ஓர் உதாரணம் சொன்னான். சுப்ரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ். சென்னையிலும் அதற்கு ஆபீஸ் உண்டு. ‘மெகாரெய்டு’ என்ற கன்ட்ரோலர் அவர்கள் செய்ததுதான். 2001-ல் அந்தப் பிரிவை எல்.எஸ்.ஐ. லாஜிக்குக்கு விற்றார்கள். அந்தக் கார்டுக்கான பழைய லினக்ஸ் டிரைவர், சில மாடல்களைத் தவிர மற்றவற்றிடம் ஒரு அடையாள எண்ணைக் கேட்கும். சரியான எண் வந்தால்தான் 64 கட்ட விலாசம். வராவிட்டால், ‘உனக்கு 32 போதும்ப்பா’ என்று விட்டுவிடும்.

அப்புறம் மேல்மாடிக்காரர்கள் பட்டினியா? இல்லை. கீழே, கன்ட்ரோலருக்கு எட்டுகிற இடத்தில் ஒரு மேஜை போட்டுவிடுவார்கள். சரக்கு அங்கே இறங்கும். பிராசஸர் அதை மாடிக்குத் தூக்கிப் போகும். பவுன்ஸ் பஃபர் என்று பெயர். ஒருமுறை கூடுதலாகத் தூக்க வேண்டும், கொஞ்சம் லேட்டாகும். ஆனால் பரோட்டா மாறாது.

“எட்டாதது தப்பே கெடையாது. எட்டும்னு தலையாட்டுது பாரு, அந்தக் கன்ட்ரோலர்தான் ஆபத்து” என்றான்.

சுருக்கென்றது. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த ஆடிட்டர் தினமும் சாயங்காலம் கேட்பார்: “தம்பி, பேக்கப் எடுத்தாச்சா?” நான் “எடுத்தாச்சு சார்” என்று தலையாட்டுவேன். எப்படி எடுப்பதென்றே எனக்குத் தெரியாது. கேட்க வெட்கம். கணக்கைக் கெடுத்தது மெமரியாக இருக்கலாம். கெட்ட கணக்கைத் திரும்ப எடுக்க முடியாமல் போனதற்கு என் தலையாட்டல்தான் காரணம். ‘தெரியாது சார், சொல்லிக் கொடுங்க’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த ஏப்ரலில் எனக்குச் சம்பளம் வந்திருக்கும்.

மறுபடி பரோட்டா சொன்னோம். “நூத்திப் பன்னெண்டு. மூணு நம்பர். புரிஞ்சுதா தம்பி?” என்றேன்.

“சரிண்ணே” என்று பையன் பலமாகத் தலையாட்டினான்.

நான் நேராகப் போய் 12-ம் நம்பர் ரூம் வாசலில் நின்றுகொண்டேன்.