முட்டுக் கம்பும் வாழைத் தாரும்

தொட்டியம் தொடங்கி அந்தநல்லூர், ஸ்ரீரங்கம், லால்குடி வரை காவிரிக்கரை வாழைக்குக் காற்றுதான் பெரும்பகை. தார் கனக்கத் தொடங்கியதும் சவுக்கு, தைலமரம், மூங்கில் என ஏதாவதொரு கம்பை முட்டுக் கொடுத்தாக வேண்டும். வாழைச் சாகுபடிக் கணக்கில் அது லேசான செலவு அல்ல. ஆனால் அந்தக் கம்பு யார் கொல்லையில் வளர்கிறது என்று தோட்டக்கலைத் துறையினர் கேட்பதில்லை. வாழைத் தோட்டத்தை மரத்துக்கான சந்தையாக வனத்துறையினர் பார்ப்பதும் இல்லை. 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியை அடுத்த தாயனூரில் இருக்கிறது. 1974இல் அமைந்த தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் தலைமையகமும் இதே திருச்சியில்தான்!

மாவட்டத்தின் தெற்கே, மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரி மானாவாரி நிலங்களில் கதை வேறு. அங்கே மரம் வைப்பவர் காகித ஆலையை நினைத்தே வைக்கிறார். மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் (டிஎன்பிஎல்) அட்டை ஆலை 2016 முதல் இயங்குகிறது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் உற்பத்தித் திறன். கூழ்மரத்துக்கு இப்படி ஒரு வாசல் அருகிலேயே இருப்பது நல்லதுதான். ஆனால் ஒரே வாசலை நம்பியிருப்பவர் சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அதிலும் சிறு விவசாயி பெரும்பாலும் நின்ற மரத்தைக் குத்துமதிப்பாகப் பேசி விட்டுவிடுகிறார். நேராக, ஒரே பருமனாக வளர்ந்த சவுக்குக் கழியும் கோணல் மரத்தோடு சேர்ந்து கூழுக்கே போகிறது. அது நமக்கு உறுத்த வேண்டும். கழியைத் தரம் பிரித்து, முட்டுக்கும் சாரத்துக்கும் ஆனதைத் தனியே விற்று, மீதியை எடை போட்டு ஆலைக்குக் கொடுக்க அவருக்குக் கைகொடுப்பது விரிவாக்கப் பணியாளர்களான நம் வேலை. வெட்டுக்கு முன் சில வரிசைகளின் சுற்றளவையும் உயரத்தையும் அளந்து காட்டினாலே பேரம் பேச அவருக்குத் தெம்பு வரும்.

வாழைக்காரர் தம் வரப்பிலேயே சவுக்கு வைக்கலாம். கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனம் காற்றுத் தடுப்புக்கென்றே சவுக்கு குளோன்களை வெளியிட்டிருக்கிறது. வேர் முடிச்சில் வாழும் பிராங்கியா நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துவதால் மண்ணுக்கும் கெடுதல் இல்லை. நிழலும் வேர்ப் போட்டியும் விளிம்பு வரிசை வாழையைப் பாதிக்கும் என்பது உண்மை. கிளை கழித்து, வரப்போரம் வேர் வெட்டி அதைக் குறைக்கலாம். தைலமரத்தை மட்டும் வாழைக்கும் கிணற்றுக்கும் அருகே பரிந்துரைக்காதீர்கள்.

அடுத்த வாழை நடவுக்கு முன், ஒவ்வொரு வட்டாரத்திலும் தோட்டக்கலை அலுவலரும் வனச்சரகரும் ஒரே நாளில் ஒரே தோட்டத்துக்குச் சேர்ந்து போக வேண்டும். கம்புத் தேவையை வாழைக்காரரிடம் எழுதி வாங்கி, அந்தப் பட்டியலை மணப்பாறைப் பக்கத்து மர விவசாயிகளிடம் சேர்க்க வேண்டும். இதற்குப் புதுத் திட்டமோ தனி நிதியோ தேவையில்லை.