தம்புரா இல்லை என்று எழுதியவன்

உயர்தர ஒலிக்கருவிகள் என்றாலே அவை செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. அதை மாற்றியது என் ஆய்வேட்டில் நானே செய்த ஒரு பிழை.

இந்திய இசைப்பதிவின் வரலாற்றை ஆராய்பவனுக்குக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் அரிது. 1902இல் கௌஹர் ஜானின் குரல் பதிவானது இங்கேதான். நாடெங்கும் சென்ற இசைத்தட்டுகள் பிற்காலத்தில் உருவானதும் இங்குள்ள டம்டம் ஆலையில்தான். இவ்வளவும் அறிந்த நான், பதிவுகளைக் கேட்டதோ விடுதி அறையில், மலிவான இயர்போனில். பழைய கயால் பதிவு ஒன்றைப் பற்றி, "இதில் தம்புரா ஏறக்குறைய இல்லை, ஒலிப்பதிவாளர் அதைப் பொருட்படுத்தவில்லை" என்று ஓர் இயலில் எழுதியிருந்தேன்.

அதைப் படித்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மறுத்து ஏதும் சொல்லவில்லை. ஒரு மாலை வீட்டுக்கு வரச் சொன்னார். முதலில் மின்விசிறியை நிறுத்தினார். சன்னலைச் சாத்தினார். தட்டின் தூசியைத் துடைத்து, ஊசியை மெல்ல இறக்கினார். பாடகர் வாய் திறக்கும் முன்பே அறை முழுவதும் தம்புரா நிறைந்தது. பிறகு இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, யாருமற்ற இடத்தில், ஒரு மனிதர் மூச்சை இழுத்துப் பாடத் தொடங்கினார். பலமுறை கேட்ட அதே பதிவு. அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

"சார், தம்புரா..." என்றேன்.

"அது எப்போதும் அங்கேதான் இருந்தது" என்றார்.

காரணம் எளியது. ஒரு குறுந்தகட்டில் நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தரவு இருக்கும். என்னிடமிருந்த எம்பி3 கோப்பில் 128. பதினொன்றில் ஒரு பங்கு. உரத்த ஒலியின் நிழலில் மறையும் மெல்லிய ஒலிகளைக் காது கவனிக்காது என்று கருதி விலக்குவதே அந்தச் சுருக்கமுறை. எஞ்சிய மந்தர ஒலியை எழுப்பும் திறன் என் இயர்போனுக்கு இல்லை. என் கருவியின் குறையை, என்றோ வாழ்ந்த ஓர் ஒலிப்பதிவாளரின் தலையில் சுமத்தியிருந்தேன்.

அன்று பற்றிய ஆசை இன்றுவரை தணியவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கில் கேபிள் வாங்கிப் பெருமை பேசுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. பேராசிரியரின் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் பல ஆண்டுகளுக்கு முன் பழையதாக வாங்கியவை. அமைதியான அறை, சுவரிலிருந்து தள்ளி வைத்த ஸ்பீக்கர்கள், தேயாத ஊசி ஆகியவை தரும் பயனை விலையுயர்ந்த கம்பி தராது. அதேவேளை, "கைப்பேசியே போதும்" என்போரையும் நான் ஏற்பதில்லை. மங்கிய நிழற்படத்தைப் பார்த்துவிட்டு, ஏட்டில் எழுத்தே இல்லை என்று சொல்வதை எந்தப் பதிப்பாசிரியர் ஒப்புவார்?

ஆவணக் காப்பகங்கள் பழைய பதிவுகளை எண்ணிமமாக்குவதற்குப் பெரும் உழைப்பைச் செலவிடுகின்றன, அது போற்றத்தக்கது. ஆனால் அவற்றைச் செவ்வனே கேட்க ஓர் இடம் வேண்டாமா? நுண்ணோக்கி இல்லாத உயிரியல் துறையை நாம் ஒப்புக்கொள்வதில்லை. இசை கற்பிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும், கதவைச் சாத்திக்கொண்டு கேட்கக்கூடிய ஓர் அறையும் இரண்டு நல்ல ஸ்பீக்கர்களும் இருப்பது ஆடம்பரம் அன்று. ஆய்வின் அடிப்படைத் தேவை.

அந்த இயலைத் திருத்தி எழுதிவிட்டேன். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, பழைய ஸ்பீக்கர் இணை ஒன்றையும் வாங்கினேன். இப்போது நான் எழுதிய பிற இயல்களையும் ஒவ்வொன்றாக மறுபடி கேட்டுச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நன்கு தெரிந்த ஒரு பாட்டை முதன்முறையாகக் கேட்டதுபோல் உணர்ந்த நாள் உங்களுக்கும் இருந்திருக்கும். அது எங்கே, எந்தக் கருவியில் என்று எழுதுங்கள்; அறிய விரும்புகிறேன்.