திருப்புளியும் சுதேசியும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே உள்ள நமது வன்னியம்பட்டியில், பீரோவின் மேலும் கட்டிலின் அடியிலும் உறங்கிக் கிடக்கும் மடிக்கணினிகளை ஒன்று சேர்த்தால், ஒரு வகுப்பை நிரப்பிவிடலாம் என்று தோன்றுகிறது. 2011-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தினால், பல லட்சம் மாணவ மாணவியரின் கைக்கு இந்த யந்திரம் வந்து சேர்ந்தது. வந்த அன்று சந்தனப் பொட்டு வைத்தோம். ஆயுத பூஜையன்று மாலையும் சூட்டினோம். ஆனால் அது நோயுற்றால் என்ன செய்வது என்பதை மாத்திரம் யாரும் கற்றுக் கொள்ளவில்லை.

நம்மிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தகப்பனார் ராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலாளி. 2012-இல் தமையனுக்குக் கிடைத்த மடிக்கணினியே இன்று இவளுக்கும் கதி. அது கண் விழிப்பதற்குக் கால் மணி நேரம் ஆகும். விழித்த பின்னும் தூக்கக் கலக்கம் தீராது. பழுது பார்க்கும் கடை ஒன்றில், “இதற்குச் செலவு செய்வது வீண்; புதிது வாங்கிவிடுங்கள்” என்றார்களாம். புதிது வாங்குவதென்றால் அந்தக் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு கரைந்துவிடும். படிப்பை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்த நிலையில்தான் அவள் நம்மிடம் வந்தாள். வீட்டிலேயே பிரித்துப் பார்ப்போம் என்றோம்.

“பிரித்துவிட்டு மூட முடியாமற் போனால், ஸார்?”

“உன் தகப்பனார் பஞ்சாலையில் கதிரைக் கழற்றி மாட்டுகிறாரே, அம்மா! அதைவிட இது பெரிய வித்தையா?” என்றோம்.

கல்லூரிக் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் முதலில் வேறோர் இடத்தில் பிரதி எடுத்துக் கொண்டோம். பின்னர் மின்சாரக் கம்பியைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, இயக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி, உள்ளே மிஞ்சியிருந்த மின்சாரத்தையும் போக்கினோம். நம் உடம்பில் தங்கும் நிலைமின்சாரம் மெல்லிய சில்லுகளைக் கெடுத்துவிடக் கூடும். ஆகையால் பூமியோடு தொடர்புள்ள இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டு வேலையில் இறங்குவது நலம். திருகாணிகள் ஒரே நீளமாக இருப்பதில்லை. அந்தப் பெண் ஒரு காகிதத்தில் யந்திரத்தின் அடிப்பாகத்தை வரைந்து, ஒவ்வோர் ஆணியையும் அதனதன் இடத்தில் செருகி வைத்தாள். இந்த யோசனை அவளுடையதே.

பழைய ஹார்டு டிஸ்க்கினுள் தகடு ஒன்று நிமிஷத்துக்கு 5,400 தடவை சுழல்கிறது. வேண்டிய செய்தியை ஓர் ஊசிமுனை தேடித் தேடி எடுக்கிறது. தாமதத்துக்கு முக்கிய காரணம் அதுவே. எஸ்.எஸ்.டி. என்னும் புதியதில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. அந்த யந்திரத்துக்கேற்ற எஸ்.எஸ்.டி.யும் அதே 2.5 அங்குல அளவுதான், இணைப்பும் ஒன்றுதான். நாலு திருகாணிகளை அகற்றி, ஒன்றை இழுத்து மற்றொன்றைச் செருகினால் காரியம் முடிந்தது. ‘ராம்’ எனப்படும் நினைவகச் சில்லில் சற்று ஜாக்கிரதை வேண்டும். டி.டி.ஆர்.3 வகையின் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது, இரண்டுக்கும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. சரியானதைச் சாய்வாக நுழைத்து மெல்ல அழுத்தினால், இருபுறக் கொக்கிகளும் ‘டக்’கென்று பிடித்துக் கொள்ளும். பொருந்தாததைப் பலவந்தமாக அழுத்தலாகாது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை அதில் ஏற்றினோம். கால் மணி நேரம் ஒரு நிமிஷத்துக்குள் அடங்கிற்று. செலவோ புதிய யந்திரத்தின் விலையில் ஒரு சிறு பங்கு.

துணிவுக்கும் எல்லை உண்டு. உப்பிப் போன பேட்டரியைக் குத்தவோ பிரிக்கவோ கூடாது, அது தீப்பற்றும். மேஜைக் கணினியின் மின்வழங்கிப் பெட்டியைத் திறப்பதும் தகாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கலாம். இவற்றைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதே விவேகம்.

இங்கே ஒரு பழைய செய்தியை நினைவூட்ட விரும்புகிறோம். 1929-ஆம் வருஷம் காந்தியடிகளின் முயற்சியால், சிறந்த ராட்டை ஒன்றை அமைப்பவருக்கு அகில இந்திய சர்க்கா சங்கம் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. நிபந்தனைகளைப் பாருங்கள்: விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது, இருபது வருஷம் உழைக்க வேண்டும், வருஷாந்தரப் பராமரிப்புச் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மிகலாகாது. பரிசு ஒருவருக்கும் கிட்டவில்லை. ஆனால் யந்திரத்தைக் குடிசையில் வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று அன்றே கேட்டார்களே, அந்தக் கேள்வி இன்றும் பழசாகவில்லை.

இன்று விற்கும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ராம் சில்லைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள். பேட்டரியைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். பணம் கொடுத்தவன் பெயருக்கு மாத்திரம் சொந்தக்காரன்! உலகம் இதைக் கவனிக்காமல் இல்லை. கையடக்கக் கருவிகளின் பேட்டரியை உபயோகிப்பவரே மாற்றக்கூடியதாக அமைக்க வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி செய்து, 2027 பிப்ரவரி 18-ஆம் தேதியைத் தொடக்க நாளாகக் குறித்தது. நம் மத்திய அரசும் பழுது நீக்கும் உரிமையை ஆராய 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்து, அவ்வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி அதற்கென இணையதளமும் திறந்தது.

சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். வீட்டாரும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். கடைக்குப் போகும் தாய் தந்தையர், “ராம் கூட்டலாமா? பேட்டரி மாற்றலாமா?” என்று இரண்டு கேள்விகள் கேட்ட பின்பே பணத்தை எடுக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றும், உயிரிழந்த பழைய யந்திரம் ஒன்றை வைத்துக் கொண்டு, சனிக்கிழமை பிற்பகல்களில் பிள்ளைகள் அதைப் பிரித்துப் பூட்டுமாறு செய்யலாம். அந்தப் பெண் இப்போது தன் தெருவில் மேலும் இரண்டு யந்திரங்களை எழுப்பிவிட்டாள். மூன்றாவதைப் பிரிக்கையில் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவனுக்கு ஆணி செருகும் வேலையைக் கொடுத்திருக்கிறாள்.