பேர் மட்டும் போதாது கண்ணுகளா, உறவையும் எழுதுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். கோபம் எந்த ஆள் மேலும் இல்லை, நம் எல்லோரிடமும் இருக்கும் ஒரு சோம்பல் மேல்.

நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் எழுதியிருந்தான்: "டீச்சர், ஊர் விவரம், ஏரிப் பட்டியல் எல்லாம் இனிமே யாரும் உட்கார்ந்து தொகுக்க வேண்டாம். ஏஐ கிட்ட கேட்டா சொல்லிடும்." அதற்குப் பத்துப் பேர் கைதட்டியிருந்தீர்கள். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று தளியின் வரலாற்றைக் கேட்டேன். எத்தலப்ப நாயக்கர் ஆண்ட பாளையம், திருமூர்த்தி மலை அடிவாரம் என்று அழகான தமிழில் பதில் வந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஊர்தான் வேறு! அது உடுமலைப்பேட்டைப் பக்கம், திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் தளி. நம் தளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையில், யானை இறங்கி ராகிக் கொல்லையை மிதிக்கும் தளி.

எந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. அதற்குக் கிடைத்தது இரண்டே எழுத்து. ஆங்கிலத்தில் தட்டினால் இன்னும் வேடிக்கை. ஒரே எழுத்துக்கூட்டலில் கழுத்தில் கட்டும் தாலியும் வரும், ஓட்டலில் வைக்கும் சாப்பாட்டுத் தட்டும் வரும், இரண்டு தளியும் வரும். பெயர் என்பது அடையாளம் ஆகாது. இதை நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே வகுப்பில் மூன்று மஞ்சுநாத் உட்கார்ந்திருந்த பள்ளி நம்முடையது. ஒரு சான்றிதழில் முனிராஜ், இன்னொன்றில் முனிராஜு என்று இருந்ததற்காக உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்த பிள்ளையும் உங்களில் உண்டு. சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் எதற்கு என்று அப்போது புரியாதவர்களுக்கு இப்போதாவது புரியட்டும்.

இந்தச் சேர்க்கை எண் முறையை உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் கொடுக்கலாம் என்று சொன்னவர் டிம் பெர்னர்ஸ் லீ. 1989-ல் வலையை உருவாக்கிய அதே மனிதர். 2001-ல் 'செமாண்டிக் வெப்' என்ற யோசனையை இரண்டு பேரோடு சேர்ந்து விளக்கி எழுதினார். 2006-ல் 'லிங்க்டு டேட்டா' என்ற இணைத்த தரவுக்கு நான்கு விதிகள் சொன்னார். விதிகள் எளிமைதான்: ஒவ்வொரு பொருளுக்கும் தனி முகவரி கொடு. அதை வலை முகவரியாகவே கொடு. அங்கே போனால் உருப்படியான தகவல் கிடைக்கச் செய். அங்கிருந்து மற்றப் பொருள்களுக்கு வழி காட்டு.

தகவலை எழுதும் விதமும் நமக்குத் தெரிந்ததுதான். எழுவாய், உறவு, செயப்படுபொருள் என்று மூன்றே துண்டு. "தளி – இருக்கும் மாவட்டம் – கிருஷ்ணகிரி." இதற்கு ட்ரிபிள் என்று பெயர். இப்படிக் கோடிக்கணக்கான வாக்கியங்களை ஒன்றோடு ஒன்று கோர்த்தால், ஒரு முனையைப் பிடித்து மறுமுனைக்குப் போகலாம். 2012-ல் தொடங்கிய விக்கித்தரவு இப்படித்தான் 10 கோடிக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு எண் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு கியூ 1445, கர்நாடகாவுக்கு கியூ 1185, தமிழ் மொழிக்கு கியூ 5885. யார் வேண்டுமானாலும் அங்கே போய் எழுதலாம், திருத்தலாம், காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

"இதனால் நமக்கு என்ன டீச்சர்?" என்பீர்கள். நம் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூரில் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை தாண்டிக் கடலூர் அருகே கடலில் சேர்கிறது. கன்னடத்தில் அது தட்சிண பினாகினி. நமக்குத் தென்பெண்ணை. இன்னொரு பதிவில் பொன்னையாறு. ஆங்கிலத்தில் பெண்ணாறு என்று எழுதினால், அதே நந்தி மலையில் பிறந்து ஆந்திரத்தில் நெல்லூர்ப் பக்கம் போகும் வட பெண்ணையோடு குழம்பும். கெலவரப்பள்ளியில் நுரை பொங்கும் படத்தை வருடா வருடம் நீங்களே குழுவில் போடுகிறீர்கள். இரண்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் தண்ணீரைச் சோதிக்கின்றன. ஆனால் மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர். "இரண்டும் ஒரே ஆறு" என்ற ஒரு வாக்கியம் இரண்டு கணக்கிலும் இல்லை என்றால், மேலே என்ன கலந்தது, கீழே எந்தப் பள்ளிப் பிள்ளை எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறது என்ற கேள்வியை எந்த எந்திரத்திடம் கேட்பது?

காலமும் அப்படித்தான். நான் பிறந்தது சேலம் மாவட்டம். 1965-ல் தர்மபுரி மாவட்டம் ஆனது. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆனது. வீட்டை மாற்றாமலே மூன்று மாவட்டத்தில் வாழ்ந்துவிட்டேன்! மூன்று தாளிலும் மூன்று மாவட்டம் இருக்கிறது, மூன்றும் உண்மை. "எந்த ஆண்டு முதல், எந்த ஆண்டு வரை" என்று சேர்த்து எழுதும் வசதி விக்கித்தரவில் உண்டு. அதை எழுதாமல் விட்டால் உண்மையே பொய்போல் தெரியும்.

அரசிடம் தகவல் இல்லாமல் இல்லை. பள்ளிக்கு 11 இலக்க யூடைஸ் எண் இருக்கிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் குறியீடு இருக்கிறது. ஆனால் நம் கைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். திறந்த தரவுக்கு பெர்னர்ஸ் லீ ஐந்து நட்சத்திர அளவுகோல் வைத்திருக்கிறார். பிடிஎஃப்பாக வலையில் போட்டால் ஒரு நட்சத்திரம். எக்செல் அட்டவணையாகப் போட்டால் இரண்டு. எந்த மென்பொருளிலும் திறக்கும் கோப்பானால் மூன்று. பொருள்களுக்கு வலை முகவரி கொடுத்தால் நான்கு. மற்றவர் தரவோடு இணைத்தால்தான் ஐந்து. ஐந்துக்கு ஒரு மார்க் வாங்கிவிட்டு "டிஜிட்டல் ஆகிவிட்டோம்" என்று தட்டி வைப்பதை நான் பாஸ் போட மாட்டேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எண் கொடுத்தால் மட்டும் வேலை முடியாது. என்னென்ன வகைகள், அவற்றுக்குள் என்னென்ன உறவுகள் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பட்டியல் ஒன்று வேண்டும். அதற்கு ஆன்டாலஜி என்று பெயர். அந்தப் பட்டியலில் இல்லாததை எந்திரத்திடம் சொல்லவே முடியாது. 2011-ல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ சேர்ந்து தொடங்கிய 'ஸ்கீமா' பட்டியலில் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், துணைவர் உண்டு. மற்றவர் எல்லாம் 'தொடர்புடையவர்'. நம் வீட்டுக் காதுகுத்தில் மடியில் உட்கார வைக்கும் தாய்மாமன் அவர்கள் கணக்கில் 'தொடர்புடையவர்'! விக்கித்தரவிலும் முன்பு சகோதரன், சகோதரி என்று தனித்தனியாக இருந்ததை எடுத்துவிட்டு, உடன்பிறந்தவர் என்று ஒன்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். அண்ணனா தம்பியா, அக்காவா தங்கையா என்பதைப் பாலினத்தையும் பிறந்த தேதியையும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். தேதி எழுதாத வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒன்று.

அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர்கள் மொழியில் தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே சொல் போதும். நமக்குப் போதாது. "அம்மாவுடன் பிறந்த ஆண், தாய்மாமன்" என்று ஒரு விதியை எழுதி வைத்தால், ஆயிரம் குடும்பத்துக்கும் எந்திரம் தானே கண்டுபிடித்துவிடும். அந்த ஒரு வரியை எழுதப்போவது யார்? லண்டன்காரரா?

"எல்லாவற்றையும் எண்ணாக்கினால் நம் பெயர் அழிந்துவிடும்" என்று உறவினர் ஒருவர் சொன்னார். நேர்மாறு. ஓர் எண்ணின் கீழ் தமிழ்ப் பெயர், கன்னடப் பெயர், தெலுங்குப் பெயர் மூன்றும் சமமாக உட்காரும். எது சரியான பெயர் என்று எல்லையில் சண்டை போட வேண்டியதில்லை. "எல்லாம் அம்பலத்துக்கு வந்துவிடும்" என்ற பயம் நியாயமானது. ஆகவே அக்கம்பக்கத்து ஆட்களைப் பற்றிப் பொது இடத்தில் எழுதாதீர்கள். குடும்ப மரம் வீட்டுக் கணினியிலேயே இருக்கட்டும். ஊரைப் பற்றி, ஏரியைப் பற்றி, பள்ளியைப் பற்றி, கோயிலைப் பற்றி எழுதுங்கள்.

ஏஐ சொல்லிவிடும் என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. யாரும் எழுதி வைக்காததை அது எங்கிருந்து சொல்லும்? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சட்டியில் பக்கத்து ஊர்க் குழம்பு இருந்தால் அதைத்தான் நம் இலையில் ஊற்றும்.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடுவேனா? பெங்களூரிலும் ஓசூரிலும் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ஏரி, படித்த பள்ளி, எதுவானாலும் சரி. விக்கித்தரவில் இருக்கிறதா பாருங்கள், இல்லை என்றால் உருவாக்குங்கள். மூன்று மொழியிலும் பெயர் எழுதுங்கள். எந்த ஊர், எந்த ஒன்றியம், எந்த ஆற்றுப் படுகை என்று உறவுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கொடுங்கள். ஆதாரம் இல்லாததை எழுத வேண்டாம். முடித்தவர்கள் அந்தக் கியூ எண்ணைக் கீழே போடுங்கள், திருத்தித் தருகிறேன். சிவப்பு மை இன்னும் தீரவில்லை.