காதோரம் ஒரு நடுக்கம்

தலத் மஹ்மூத் 1949இல் பம்பாய்க்கு வந்தபோது அவர் குரலைப் பற்றி ஒரு குறை கூடவே வந்தது: நடுங்குகிறது. கல்கத்தாவில் தபன் குமார் என்ற பெயரில் வங்காளப் பாட்டுகள் பாடிப் பேர் வாங்கியவர்தான். இருந்தாலும் புது ஊர் ஆயிற்றே. 'ஆர்ஸூ' (1950) ஒலிப்பதிவில் பயந்துபோய் நடுக்கத்தை விழுங்கிவிட்டுப் பாடினாராம். இசையமைப்பாளர் அனில் பிஸ்வாஸ் பாதியில் நிறுத்தி, எனக்கு அந்த நடுக்கம்தான் வேண்டும் என்றாராம். திரையுலகக் கதைகளில் பாதி கட்டுக்கதை. ஆனால் பாட்டைக் கேட்டால் இதை நம்பத்தான் தோன்றுகிறது.

அதுவரை இந்தி சினிமாவில் சோகம் என்றால் பாடகர் சைகல். முகேஷே 1945இல் 'பெஹலி நஸர்' படத்தில் அவரைப் போலத்தான் பாடினார். சைகலின் துயரம் கனத்தது, சபை நிறைந்தது. தலத்தின் துயரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்பது போல இருக்கும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட படம் பிமல் ராயின் 'சுஜாதா' (1959). எஸ்.டி. பர்மன் இசை, மஜ்ரூஹ் வரிகள். தலத்தின் குரலில் சுனில் தத் டெலிபோனில் பாடுகிறார். மறுமுனையில் நூதன். பிராமணக் குடும்பத்தில் வளரும், தீண்டத்தகாதவள் என்று ஊர் ஒதுக்கும் பெண். காதலை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் மனமில்லை. ரிசீவரைக் காதோடு ஒட்டிவைத்தபடி ஒரு வார்த்தை பேசாமல் கேட்கிறாள்; கண் மட்டும் நிறைகிறது. குரல் ஓங்கவே இல்லை. கதறல், பெருமூச்சு எதுவும் கிடையாது. பாடுகிறவன் அழுதுவிட்டால் கேட்கிறவளுக்கு அழ என்ன மிச்சம்? ரஃபி பாடியிருந்தால் டெலிபோனே தேவைப்பட்டிருக்காது. ரஃபி ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்.

சோகப் பாட்டே இனிமையானது என்று ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி கண்டதை 'பதிதா' (1953) படத்துக்காக ஷைலேந்திரா பாட்டாக்கினார். சங்கர்-ஜெய்கிஷன் அதைத் தலத்திடம் கொடுத்ததில் வியப்பில்லை.

அறுபதுகளில் மெட்டுகள் துள்ளத் தொடங்கின. நடுக்கம் பழையபடி குறையாகிவிட்டது. மதன் மோகன் மட்டும் 'ஜஹான் ஆரா'வில் (1964) அவரை விடவில்லை. படம் ஓடவில்லை. பெரிய வாய்ப்பு எதுவும் பிறகு தலத்துக்கு வரவில்லை. 1998இல் காலமானார்.

'சுஜாதா' பாட்டை ஸ்பீக்கரில் அலறவிடாதீர்கள். ஒலியைக் குறைத்து, போனைக் காதில் வைத்துக் கேளுங்கள்.