எழுதி வைத்த பரிந்துரைகளுக்குப் பதில் வேண்டும்

அணைக்கட்டு வட்டார ரயில் பயணிகளின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: ரயில்வே அமைச்சகம், சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், தெற்கு ரயில்வே பொது மேலாளர், வேலூர் மக்களவை உறுப்பினர்.

அணைக்கட்டில் ரயில் நிலையம் கிடையாது. ஒடுகத்தூர், பள்ளிகொண்டா பக்கத்து மக்கள் பஸ் ஏறிக் காட்பாடிக்கோ வேலூர் கன்டோன்மென்ட்டுக்கோ குடியாத்தத்துக்கோ போய்த்தான் ரயில் பிடிக்கிறோம். சென்னையில் படிக்கும் பிள்ளைகளுக்கும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கும் அரக்கோணம்–ஜோலார்பேட்டை பாதைதான் வழி. ஊரில் தண்டவாளம் இல்லாததால் ரயில் விபத்து எங்களுக்கு வேறு ஊர்ச் செய்தி ஆகிவிடாது.

2011 செப்டம்பர் 13 இரவு அரக்கோணத்தை அடுத்த சித்தேரியில், சிக்னலுக்காக நின்றிருந்த அரக்கோணம்–காட்பாடி பாசஞ்சர் மீது, சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட்டுக்கு வந்த மெமு ரயில் மோதியது. குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள். இரண்டு வண்டியிலும் இருந்தவர்கள் எங்கள் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள். அதே மாதம் அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையில் ரயில் பாதுகாப்பு ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. 2012 பிப்ரவரியில் அக்குழு 106 பரிந்துரைகளைக் கொடுத்தது. ஓட்டுநர் சிக்னலைத் தவறவிட்டாலும் வண்டியைத் தானாக நிறுத்தும் நவீன சிக்னல் முறையை 19,000 கிலோமீட்டர் முக்கியப் பாதைகளில் ஐந்தாண்டுக்குள் நிறுவ வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அப்படித் தானாக நிறுத்தும் ‘கவச்’, தேசிய முறையாகத் தேர்வானதே 2020இல்தான்.

நாங்கள் புதிய குழு கேட்கவில்லை. இருக்கிற பரிந்துரைகளுக்குப் பதில் கேட்கிறோம்.

எங்கள் முதல் கோரிக்கை இது: ரயில் பாதுகாப்பு ஆணையர் தரும் ஒவ்வொரு விபத்து அறிக்கையும் முழுமையாக வெளியிடப்பட வேண்டும், விபத்து நடந்த மாநிலத்தின் மொழியிலும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் 90 நாளுக்குள் ரயில்வே எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்றால் எந்தத் தேதிக்குள் முடியும், எந்தப் பதவியில் உள்ளவர் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். 90 நாள் என்பது நாங்களாக வைத்த கணக்கு அல்ல. சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பின்படி, வேறொரு நாட்டின் விசாரணை அமைப்பிடமிருந்து பாதுகாப்புப் பரிந்துரை பெறும் நாடு, என்ன செய்தோம், செய்யாவிட்டால் ஏன் என்று 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ரயில் பாதுகாப்பு ஆணையமும் நம் நாட்டில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. 2020 கோழிக்கோடு விமான விபத்தின் அறிக்கையை, 43 பரிந்துரைகளோடு, அந்த அமைச்சகம் மறு ஆண்டே பொதுவில் வைத்தது. பாலசோர் ரயில் விபத்து அறிக்கையில் இருந்ததையோ நாங்கள் முதலில் செய்தித்தாளில்தான் படித்தோம். விமானப் பயணிக்குக் கிடைப்பது பாசஞ்சர் ரயில் பயணிக்கும் கிடைக்க வேண்டும்.

அந்தப் பாலசோரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு பாகாநாகா பஜாரில் நேர்ப்பாதைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. தண்டவாளமோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் ஒயரை மாற்றி இணைத்ததில் நடந்த தவறு என்று விசாரணை கண்டது. அதற்கு ஓராண்டு முன்பே, 2022 மே 16இல், அதே கரக்பூர் கோட்டத்தின் பாங்க்ராநயாபாஸ் நிலையத்தில் இதே போன்ற ஒயரிங் தவறு நடந்திருந்தது. அப்போதே திருத்தியிருந்தால் இந்த விபத்து நேர்ந்திருக்காது என்று ஆணையரே எழுதினார். 2023 பிப்ரவரியில் மைசூர் கோட்டத்து ஹோசதுர்கா ரோட்டில் வண்டி தவறான பாதையில் திரும்ப இருந்து தப்பியது. அதைச் சுட்டி ஒரு மூத்த அதிகாரி எச்சரித்துக் கடிதமும் எழுதினார். ஆகவே உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பிய சம்பவங்களும் ஆணையரின் விசாரணைக்கு வர வேண்டும். அவற்றின் பாடம் எல்லாக் கோட்டங்களுக்கும் எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். கேட் திறந்திருந்தாலும் சிக்னல் விழும். அதன் பிறகு எல்லாக் கேட்டிலும் சிசிடிவி, இன்டர்லாக்கிங்குக்கான போக்குவரத்து வரம்பை 10,000 அலகாகக் குறைப்பது என்று ரயில்வே அமைச்சர் உத்தரவிட்டார். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் எந்தக் கேட்டில் எது முடிந்தது என்ற பட்டியலை அந்தந்த நிலையத்தில் ஒட்டுங்கள். ஆம்பூரில் தண்டவாளம் ஊரை இரண்டாக வகுக்கிறது. ஷிப்ட் விடும் நேரத்தில் ஷூ கம்பெனிப் பெண்கள் அதைக் கடக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பட்டியல் வெறும் காகிதம் இல்லை.

சென்னை–ஜோலார்பேட்டை பாதையில் கவச் எந்த நிலையம்வரை எந்த மாதத்தில் வரும் என்பதையும் அறிவிக்க வேண்டும்.

விபத்து நடந்தால் கேட்கீப்பரும் லோகோ பைலட்டும் உடனே சஸ்பெண்ட் ஆகிறார்கள். தவறிழைத்தவர் மீது நடவடிக்கை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஆள் பற்றாக்குறையோடு தொடர்ந்து இரவு டூட்டி போட்டவர் யார், பரிந்துரையைக் கிடப்பில் போட்டவர் யார் என்பதும் அதே அறிக்கையில் வர வேண்டும். ஓட்டுநர்களின் டூட்டி நேரம், வார ஓய்வு பற்றிய விவரம் கோட்டவாரியாக வெளியிடப்பட வேண்டும்.

இறுதியாக, ககோட்கர் குழு கேட்ட, ரயில்வே வாரியத்துக்குக் கட்டுப்படாத, சட்டபூர்வமான பாதுகாப்பு ஆணையம் அமைய வேண்டும். இன்று ஆணையர் பரிந்துரைக்கலாம்; கட்டாயப்படுத்த முடியாது. பிரிட்டனில் ரயில் விபத்துப் புலனாய்வு அமைப்பின் பரிந்துரை மீது என்ன நடந்தது என்று ஒழுங்குமுறை அமைப்பு ஓராண்டுக்குள் தெரிவித்தாக வேண்டும்.

விசாரணையோடு முடிந்துபோகும் சாவுகள் எங்கள் தோல் தொழில் மண்டலத்துக்குப் பழக்கமானவை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதனால்தான் ரயில் பரிந்துரைகளையும் விடாமல் கேட்கிறோம்.

வேலூர் மக்களவை உறுப்பினர் அவர்களே, சித்தேரி விபத்து குறித்த ஆணையரின் பரிந்துரைகளில் எவை நிறைவேறின, எவை நிற்கின்றன என்று அடுத்த கூட்டத்தொடரிலேயே கேள்வி எழுப்புங்கள். அமைச்சர் தரும் பதிலைத் தமிழில் எங்களுக்கு அனுப்பி வையுங்கள்.